பாதி பானெட்

ஆகஸ்ட் 4, திங்கள்

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். முதல் முறை படித்தது போதாது என்று அரசாங்கம் கருதியது. மூன்றாவது முறையும் படிக்கட்டும் என்று என் அப்பா கருதவில்லை. ஆனாலும் இன்று முதல் எழுதப்போகிறேன். நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் சாட்சி வேண்டுமல்லவா.

விஷயம் இதுதான். சங்ககிரி ரோட்டில் இருக்கும் நம் கார் பாலீஷ் கடைக்குக் காலையில் ஓர் ஆள் வந்தார். பெயர் சகாயராஜ், சேலத்துக்காரர், முப்பதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு பெட்டி. அதற்குள் புது மாதிரி பாலீஷ் மிஷின்.

"இந்த மாசம் பூரா ஓட்டிப் பாருங்கண்ணா. புடிச்சா வாங்கிக்கங்க. புடிக்கலைன்னா நானே வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்கள் பூமிக்குள் ஆயிரம் அடி இறங்கிப் பார்த்துவிட்டார்கள். அங்கேயும் எதுவும் சும்மா கிடைக்கவில்லை. இந்த ஆள் மட்டும் பெட்டியோடு கொண்டுவந்து வைக்கிறார்.

என் பழைய மிஷின் ஒரே சுற்றாகச் சுற்றும், மாவு கிரைண்டர் போல. இந்தப் புதியது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிறது, சல்லடை போல. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆளிடமும் சில விஷயங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கை நீட்டினேன், அவர் கை கொடுக்காமல் கும்பிட்டார். கும்பிட்டே காரியம் சாதிக்கிறவர்களைத் தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கிறோம். டீ டம்ளரைக் கோயில் தீர்த்தம் போல இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். எல்லாவற்றையும்விட முக்கியம், என் மகள் மோகனா யாரையும் கேட்காமலே அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ வாங்கி வந்தாள். பி.காம். முடித்துவிட்டுக் கடையின் போனையும் போட்டோக்களையும் பார்த்துக்கொள்கிற பெண். வாடிக்கையாளர் பெயரையே இரண்டு தடவை கேட்பாள்.

போகும்போது ஒரு தாள் கொடுத்தார். மாதக் கடைசியில் நிரப்பித் தரவேண்டுமாம். கடைசிக் கேள்வி: "இயந்திரத்தைப் பிடித்திருக்கும்போது உங்கள் கையில் என்ன உணர்ந்தீர்கள்?" சாந்தாமணியைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதுகூட என்னை யாரும் இப்படிக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் ஓட்டம். நம் சொந்த மாருதியின் கதவில்தான். வாடிக்கையாளர் வண்டியில் வைத்துப் பார்க்க நான் என்ன பைத்தியமா.

சோம்பேறி மிஷின். கதவில் வைத்தால் கொஞ்ச நேரம் சுற்றுகிறது, அப்புறம் நின்று வெறுமனே நடுங்குகிறது. சகாயராஜுக்குப் போன் போட்டேன்.

"நீங்க அமுக்கறீங்கண்ணா. அமுக்குனா அதுவா நின்னுக்கும். பெயிண்ட்டு வேகக்கூடாதுன்னு அப்படிப் பண்ணிருக்காங்க."

"நான் எங்கீங்க அமுக்கறேன்? பூ வெச்சாப்பல வெச்சிருக்கறேன்."

"இல்லீங்கண்ணா. அமுக்கறீங்க."

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு திருச்செங்கோட்டில் நான் அமுக்குவதைப் பார்க்கிறார். மோகனா பக்கத்திலேயே நின்றிருந்தாள். மிஷினைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு?

புதுச் சட்டைக்குத் தையல்காரர் காஜாவைச் சின்னதாக அடித்துவிட்டார். காலையில் சாந்தாமணிதான் பொத்தான் போட்டுவிட்டாள். "மாப்ளைக்கு அலங்காரம் பண்ற மாதிரி இருக்குது" என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மிஷினை நான் தொடவில்லை. அதுவும் என்னைத் தொடவேண்டும் என்று ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று பரீட்சை வைத்தேன். கடைக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிய கறுப்பு பானெட் ஒன்று கிடக்கிறது. எதையும் அதில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வண்டிக்குப் போவோம். அதன் நடுவில் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்தேன். எங்கள் தொழிலில் எல்லா வழக்கும் பாதி பானெட்டில்தான் தீரும். எங்கள் ஊருக்கும் அது பொருத்தம். மலைமேல் இருக்கிற சாமியே வலப்பாதி ஈசன், இடப்பாதி அம்மன். அந்த அர்த்தநாரியின் பெயர்தான் எனக்கும்.

வலது பாதி பழைய மிஷின், இடது பாதி புதுசு. "இடதுபக்கம் நான் போடட்டுங்களாப்பா?" என்றாள் மோகனா. பேசாமல் இரு என்றேன். இரண்டையும் நானே போட்டேன். நின்று நின்று ஓடினாலும் புதுசும் எப்படியோ முடித்தது.

டேப்பை எடுத்தபோது இரண்டு பக்கமும் கண்ணாடி. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சகாயராஜ் கொடுத்த பாலீஷ் தண்ணியில் எண்ணெய் கலந்திருப்பார்கள். எண்ணெய் போய்க் கீறலில் உட்கார்ந்துகொள்ளும், பார்க்க மினுமினு என்று இருக்கும், இரண்டு தடவை வண்டி கழுவினால் குட்டு வெளிப்படும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். துணியை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு பாதியையும் துடைத்தேன். வாட்டர் வாஷ் பார்க்கும் கந்தவேலைக் கூப்பிட்டு டார்ச் அடிக்கச் சொன்னேன்.

அவன் நிதானமாகப் பார்த்தான். இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கம் வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்.

"அண்ணா, உங்க பக்கம் சிலந்தி குடும்பம் நடத்துதுங்ணா" என்றான்.

அந்த ஸ்பிரிட் பாட்டிலை வாங்கி வந்தது யார் என்று விசாரித்தேன். மோகனா. குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

போர்வெல் முதலாளி குழந்தைவேல் அண்ணன் வந்தார். இருபத்தொன்பதாம் தேதி அவர் மகன் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் புதிதாக வாங்கிய கறுப்பு வண்டியைக் காட்டினார். ஷோரூமில் யாரோ அழுக்குத் துணியால் துடைத்திருக்கிறார்கள், வெயிலில் நிறுத்தினால் கோடு கோடாகத் தெரிகிறது.

"அர்த்தநாரி, கண்ணாடி கெட்டுது போ, அப்படி இருக்கோணும். ஒறம்பரை சனமெல்லாம் அதுல மொகம் பாக்கோணும். நீயே உன்ற கையால போட்டாத்தான் ஆச்சு."

"போட்டுர்லாங்ணா."

"இது ஒழுங்கா வந்துச்சுன்னா என்ற ஆபீசு வண்டி பூராத்தையும் உன்ற கடைக்கே உட்டர்றேன். வல்லீன்னா, நான் ஒண்ணுஞ் சொல்லல. ஊரே சொல்லும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கறுப்பு வண்டி என்றால் சும்மா இல்லை. வெள்ளையில் மறைகிற தப்பெல்லாம் கறுப்பில் பேசும். ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும். மிஷின் ஒரு நொடி கூடுதலாக நின்றால் சூடேறி வெந்துவிடும். அதனால்தான் பாலீஷ்காரன் மிஷினை எடுத்ததும் விரலை வைத்துச் சூடு பார்ப்பான். விரல்தான் எங்களுக்கு மீட்டர்.

டீக்கடையில் புது டம்ளர் மாற்றியிருக்கிறார்கள். வழுக்குகிறது. என் கையிலிருந்து ஒன்று விழுந்து உடைந்தது. இனி இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

புது மிஷினின் நுனியில் ஒட்டும் பஞ்சு வட்டு ஈரமாக இருக்கிறது. நான் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. பஞ்சுக்கு வேர்க்குமா?

நான் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரத்தில் யாரோ எடுத்து ஓட்டுகிறார்கள். கந்தவேலைக் கேட்டேன். "எனக்குத் தண்ணியடிக்கறதுக்கே நேரமில்லீங்ணா" என்றான். அவன் வாட்டர் வாஷைத்தான் சொன்னான். ஆனால் கண் என்னவோ மோகனா பக்கம் போனது.

ஒருவேளை எதிர்வரிசைக் கடைக்காரனுக்கு வாடகைக்கு விடுகிறானோ.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வியாபாரிகள் சங்கத்தில் கொடியேற்றம். சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு காகிதக் கொடியும் குண்டூசியும் தந்தார்கள். குண்டூசி இப்போதெல்லாம் மிகச் சின்னதாகச் செய்கிறார்கள். எனக்கு மட்டும் பிடிபடாமல் போக்கு காட்டியது. கடைசியில் எப்படியோ குத்திக்கொண்டு மிட்டாய் வாங்கக் கையை நீட்டினால், சங்கச் செயலாளர் "ஏனுங்க ரத்தம்" என்கிறார். பார்த்தால் கட்டைவிரலில் ஊசி இறங்கி, வெள்ளைச் சட்டையில் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறது. அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

தேசத்துக்காக ரத்தம் சிந்தியவன் என்று கந்தவேலிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரித்தான். மோகனா சிரிக்கவில்லை. கொடியையும் ஊசியையும் பத்திரமாகக் கழற்றிக் கடைக் காலண்டரில் குத்தி வைத்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று பேக்கரியில் நான் கண்டது: ஓர மேசையில் மோகனா, எதிரில் சகாயராஜ். சகாயராஜ் வலது கையைத் தூக்கி என்னவோ காட்டுகிறார், இவள் குனிந்து பார்க்கிறாள். கைரேகையாக இருக்கும். கை பார்ப்பதில்தான் எல்லாக் கதையும் ஆரம்பிக்கும். என் கதையும் அப்படித்தான் ஆரம்பித்தது, தேர்த் திருவிழாவில், ஒரு கிளி ஜோசியக்காரர் முன்னால்.

இப்போது எல்லாம் விளங்குகிறது. இலவச மிஷின், சர்க்கரை இல்லாத டீ, ஈரப் பஞ்சு. வலை எனக்கு விரிக்கப்படவில்லை. நான் வெறும் தூண்டில் புழு.

சாயங்காலம் சாந்தாமணியிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

"அவ அந்தத் தம்பிய அண்ணான்னுதானுங்க கூப்புடறா" என்றாள்.

"அண்ணான்னு கூப்புட்டா நம்பிருவனா? கல்யாணத்துக்கு முன்னால நீயுந்தான் என்னைய ஒருக்கா அண்ணான்னு கூப்புட்டே."

"அது கூட்டத்துல வழி கேக்கறக்கு. அந்தத் தம்பிக்குக் கல்யாணமாயி ரண்டு கொழந்தை இருக்குது. நீங்க சாப்புடுங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

ரசம் ஊற்றினாள். அப்படியானால் இவளும் உள்கை. சோற்றைப் பிசையும்போது இரண்டு பேரும் என் கையைப் பார்ப்பதை இன்று கவனித்தேன். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

பொறி வைத்தாயிற்று. புது மிஷின் பெட்டியின் கொக்கியில், சாந்தாமணி பூக்கட்டும் நூலிலிருந்து ஒரு இழை கட்டியிருக்கிறேன். கட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. நூல் அவ்வளவு மெல்லிசு.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மேம்பாலம் வரை போய்த் திரும்பி வந்தேன். கடைக்குப் பின்னால் மிஷின் சத்தம். நூல் அறுந்து கிடந்தது. தகரத் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மோகனா. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் என் பழைய தொப்பி. அந்தக் கறுப்பு பானெட்டின் வலது பாதியில், அதாவது என் பாதியில், புது மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். கந்தவேல் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் பிடித்திருந்தான்.

"அமுக்காத பாப்பா" என்றான்.

"அமுக்கலீங்ணா. பாருங்க, நிக்காம சுத்துது."

"ஆமா, சுத்துது. உங்கப்பா வெச்சா நின்னுக்குது. மிஷினுக்கும் அவரக் கண்டா பயம்."

"சும்மா இருங்ணா."

நேர்கோடாகப் போய், முந்தின கோட்டின் மேல் பாதி ஏறி, நேர்கோடாகத் திரும்பினாள். ஒவ்வொரு தடவையும் மிஷினை எடுத்ததும் விரலை வைத்துச் சூடு பார்த்தாள். நான் யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய காலத்தில் பார்த்திருப்பாள்.

உள்ளே போய்க் கையும் களவுமாகப் பிடித்திருக்க வேண்டும். அதற்குத்தானே நூல் கட்டியது. ஏனோ போகவில்லை. சத்தம் போடாமல் திரும்பி வந்து டீ குடித்தேன். வலது பக்கத்தில் இருந்த சிலந்தியெல்லாம் வீட்டைக் காலி செய்துவிட்டது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். மற்றபடி நான் ஒன்றும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சகாயராஜ் வந்தார். நேராகவே கேட்டேன். "உங்கள என்ற கடைக்கு வரச்சொன்னது ஆரு?"

தயங்கினார். "பாப்பாதாங்கண்ணா கூப்புட்டுச்சு."

"எதுக்கு?"

"மிஷினு பாக்கறதுக்குத்தாங்கண்ணா" என்றார், என் கையைப் பார்த்துக்கொண்டே.

விடவில்லை நான். "வந்த அன்னிக்கு நான் கை நீட்டுனேன். நீங்க ஏன் குடுக்கலை?"

அவர் வலது கையை மேசைமேல் வைத்தார். மூடிக் காட்டினார். மூன்று விரல் பாதிதான் மடங்கியது, சாவி சரியாகச் சேராத பூட்டு மாதிரி. துபாயில் எட்டு வருஷம் பாலீஷ் வேலை பார்த்தாராம், என்னுடையதைப் போலவே பேரிங் ஆடிப்போய் அதிர்கிற மிஷினில்.

"ஆரம்பத்துல காலைல எந்திரிச்சா வெரலெல்லாம் வெள்ளையாக் கெடக்கும்ணா. குளிருன்னு நெனச்சுக்கிட்டேன். துபாய்ல ஏதுண்ணா குளிரு? அப்பறம் சூடு தெரியாமப் போச்சு. ஒரு ஷேக்கு வண்டில பெயிண்ட்ட வேக வெச்சேன். அதோட ஊருக்கு அனுப்பிட்டாங்க. அப்பவே அந்த மிஷின உட்டிருந்தா இவ்வளவுக்கு வந்திருக்காதுன்னு டாக்டரு சொன்னாரு."

பேக்கரியில் அவர் மோகனாவுக்குக் காட்டியது ரேகை இல்லை என்று தெரிந்தது. பாவம் மனிதர். அவருக்காக மனசு கஷ்டமாக இருந்தது.

எனக்கு அப்படி எதுவும் கிடையாது. காலையில் என் விரல்கள் வெளுத்திருப்பது காற்றினால். ஆடி போயும் ஆடிக் காற்று இன்னும் போகவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடை விடுமுறை. நேற்று வந்து நின்ற குழந்தைவேல் அண்ணன் வண்டியைத் தொந்தரவில்லாமல் தனியாகவே ஆரம்பித்தேன். பழைய மிஷின்தான். என் கையால் போடவேண்டும் என்றுதானே சொன்னார்.

மதியம் வரை நல்லபடியாகப் போனது. விரல் வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை.

கரண்ட் ஏறி இறங்குகிறது. மின்வாரியத்தில் கேட்பாரில்லை.

இடது பின்கதவின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் இடம் வெந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிகிறது. வண்டி வரும்போதே இருந்திருக்கலாம். மோகனா எடுத்து வைத்த போட்டோவைப் பார்த்தேன். போட்டோவில் கதவு நன்றாகத்தான் இருக்கிறது. போட்டோவையெல்லாம் நம்ப முடியாது.

துணி போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

காலையில் கடை திறந்ததும் நானே துணியை விலக்கி, அப்போதுதான் பார்ப்பதைப் போல அந்த இடத்தைப் பார்த்தேன். "இந்த வண்டில ஆரு அந்தப் புது மிஷின வெச்சது?" என்று கேட்டேன். நன்றாக நடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பத்தாம் வகுப்பில் நாடகத்துக்கு மட்டும் நான் தேறியிருப்பேன்.

கந்தவேல் வாயைத் திறந்தான். மோகனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான்.

அதற்குள் வாசலில் ஹாரன். பத்திரிகை வைக்கிற வழியில் குழந்தைவேல் அண்ணன் எட்டிப்பார்க்க வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்தவர் கதவோரத்தில் நின்றார். குனிந்தார். சிரிப்பு போய்விட்டது.

"என்னப்பா இது?"

மோகனா முன்னால் வந்தாள்.

"பெரியப்பா, நான்தானுங்க. பழகறேன்னு சொல்லி அந்தப் புது மிஷின வெச்சுப் பாத்தேன். அப்பாவுக்குத் தெரியாதுங்க."

"நீ வெச்சியா? கல்யாண வண்டில பழகறயா? அர்த்தநாரி, பொட்டப்புள்ள கைல மிஷினக் குடுத்துப்போட்டு நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

அவர் திட்டினார். நியாயமான திட்டுத்தான். இனி இவள் எந்த வண்டிமேலும் கை வைக்கக்கூடாது என்றார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எனக்கு அந்த நொடியில் நன்றாகவே புரிந்தது. நேற்று நான் தனியாக இந்த வண்டியில் நின்றதும், எந்த மிஷினை வைத்தேன் என்பதும் இவளுக்குத் தெரியும். அந்த மிஷின் அமுக்கினால் நின்றுவிடும், பெயிண்ட்டை வேக வைக்காது என்பதும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள். நான் பேசாமல் இருந்தால் போதும். கடைப் பெயர் தப்பும், என் பெயர் தப்பும். அவள் பெயர் ஒன்றுதான் போகும். தொழிலுக்கு இன்னும் வராத பெயர், வருவதற்கு முன்பே போய்விடும்.

மாதம் முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டேன். சேலத்தை, கந்தவேலை, தையல்காரரை, மின்வாரியத்தை. ஒரே ஒருத்தனைத்தான் விட்டுவிட்டேன்.

காலண்டரில் குத்தியிருந்த கொடியிலிருந்து குண்டூசியை எடுத்தேன். எடுப்பதற்குள் இரண்டு தடவை நழுவியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது கை ஆள்காட்டி விரலின் நுனியில் வைத்து அழுத்தினேன். ரத்தம் வந்தது. என் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் அதில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது. ஒன்றுமே தெரியவில்லை.

"பாத்துக்கங்ணா. சூடு பாத்த வெரலு இதுதான். கதவு வெந்தது இதுக்குத் தெரியல. வெச்சது நான், பழைய மிஷின்ல. புள்ள பொய் சொல்லுது."

குழந்தைவேல் அண்ணன் என் விரலையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன நாளாடா இப்படி?" என்றார். டா போட்டு அவர் என்னைக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை.

"தெரியலீங்ணா" என்றேன். அதுவும் பாதிப் பொய்தான்.

மோகனா என் கையிலிருந்து ஊசியை வாங்கித் துப்பட்டாவில் துடைத்தாள். "போன பொங்கல்ல இருந்துங்க பெரியப்பா. கரும்பு ஒடிக்கறப்ப கீறிக்கிட்டாங்க. எங்கம்மா சொல்லித்தான் அவுங்களுக்கே தெரிஞ்சுது" என்றாள்.

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. டைரிக்கு மட்டும்தான் தெரியாது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கதவோரம் பெயிண்டரிடம் போயிருக்கிறது. நான் ஈரோட்டில் நரம்பு டாக்டரிடம் போனேன். சாந்தாமணியும் கூட வந்தாள், நான் பாதி வழியில் இறங்கிவிடுவேன் என்ற சந்தேகத்தில். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அந்தக் குணம் என்று நினைத்திருந்தேன்.

அதிர்கிற மிஷின் எதையும் தொடக்கூடாது என்றார் டாக்டர். எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டேன். சொல்ல முடியாது, இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பஸ்ஸில் சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடித்திருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வண்டி முழுவதையும் மோகனாதான் போட்டாள், புது மிஷினில். குழந்தைவேல் அண்ணன் இதற்கு எளிதாகச் சம்மதிக்கவில்லை. "நீ பக்கத்துலயே நிக்கோணும், கண்ண எடுக்கப்படாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார். கண் எனக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வாயால் பாலீஷ் போட்டேன்.

"ஓரத்துக்கு வந்துட்ட. தூக்கு."

"தெரியுதுங்கப்பா."

"சூடு பாரு."

"பாத்தாச்சுங்கப்பா."

"மறுபடியும் பாரு."

"அப்பா, நீங்க டீ குடிச்சுட்டு வாங்க."

முடிந்ததும் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தேன். "என்னயவே சந்தேகப்படறீங்களா?" என்றாள். மகள் என்பதற்காக விட்டுவிட முடியுமா? பானெட் முழுக்கத் துடைத்தேன், வலது, இடது இரண்டும். கந்தவேல் டார்ச் அடித்தான். ஒரு கோடு இல்லை.

"சிலந்தி ஊரையே விட்டுப் போயிருச்சுங்ணா" என்றான்.

பொழுதோடு குழந்தைவேல் அண்ணன் வந்து பெயிண்ட் அடித்த கதவோரத்தை வெகுநேரம் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் பானெட்டில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மோகனாவைப் பார்த்து, "நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்துரு. திங்கக்கெழம ஆபீசு வண்டி ஒண்ணு வரும், உங்கப்பன் கைல குடுத்துறாதே" என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

சகாயராஜ் தாளை வாங்க வந்தார். இந்தத் தடவை நான் கை நீட்டவில்லை, கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். இரண்டு பேரும் இரண்டு கையால் டம்ளரைப் பிடித்து டீ குடித்தோம். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

மிஷினை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதினேன். பழையதை விற்கவில்லை, ஒயரை அறுத்துவிட்டு அலமாரி மேல் வைத்தாயிற்று. வேறு யார் கைக்கும் அது போகக்கூடாது. புது மிஷினையும் ஒரே ஆள் நாள் பூராவும் பிடிக்கக்கூடாது என்று சகாயராஜ் மோகனாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். நடுநடுவே நிறுத்தச் சொல்வது இனி என் வேலை.

எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிக் கடைசிக் கேள்விக்கு வந்தேன். "இயந்திரத்தைப் பிடித்திருக்கும்போது உங்கள் கையில் என்ன உணர்ந்தீர்கள்?"

பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பொய் எழுத மனமில்லை. உண்மைக்கு அவர்கள் விட்டிருந்த இடம் ஒரு வரிதான். கடைசியில் எழுதினேன்:

"எனக்குத் தெரியாது. என் மகள் கையைக் கேட்கவும்."